குட்டை வளைவும் தாவூது பாயின் வலது காலும்

போன மாதம் நம் ஓட்டுநர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இப்ப வர்ற வண்டியில எல்லாத்தையும் வண்டியே பாத்துக்குது பெருசு. வளைவுல எப்படி மிதிச்சாலும் அதுவே சரி பண்ணிக்கும்" என்றார். நாலு பேர் கைதட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டீயில் பாதி வேட்டியில் ஊற்றிக்கொண்டேன். வண்டி எதையும் பார்த்துக்கொள்ளாது. வண்டிக்குக் கண் கிடையாது. பின் அச்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வளைவில் மிதிக்கிறவனுக்கு லைசென்ஸ் கொடுத்ததே தப்பு என்று கத்தினேன். செயலாளர் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "இதையே நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார். எழுதுகிறேன். நயமாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுத வரும்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் நான் லாரி ஓட்டினேன். அறுபதுகளின் நடுவில் கிளீனராகச் சேர்ந்தேன். மூன்று வருடம் சக்கரம் கழற்றினேன், திட்டு வாங்கினேன், லைசென்ஸ் எடுத்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் வேலை குழியிலிருந்து வெள்ளைக் களிமண் கொண்டுவருவது. மண் வெள்ளை, ஆனால் குழிக்குப் போகும் பாதை செம்மண். மழை பெய்தால் அது டயரில் அடை மாதிரி அப்பிக்கொள்ளும். தொழிற்சாலைக்குள் மண் காயப்போடும் களத்தை ஒட்டித்தான் வண்டி போகவேண்டும். சக்கரத்திலிருந்து ஒரு கட்டி செம்மண் அந்த வெள்ளையில் விழுந்தால் சூளையிலிருந்து வரும் கோப்பையில் பழுப்புப் புள்ளி இருக்கும். புள்ளி விழுந்த கோப்பையை யார் வாங்குவார்கள்? அதனால் கேட்டில் வாட்ச்மேன் குனிந்து நாலு பக்கமும் பார்ப்பார். சக்கரத்தில் மண் இருந்தால் வண்டி உள்ளே போகாது.

முன் சக்கரத்து மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்துவிடலாம். பின்னால் இரட்டைச் சக்கரம். இரண்டு டயருக்கும் நடுவில் இறுகின மண்ணைக் கம்பி எடுக்காது. அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. உதறுவது என்போம். குழிப் பாதை மேலே ஏறி ரோட்டில் சேரும் இடத்தில் வலதுபக்கம் திரும்பும் ஒரு வளைவு. நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் ஒரு குட்டை. அதனால் அது குட்டை வளைவு. அங்கே ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுசாக ஒடித்து ஆக்சிலேட்டரை ஒரே மிதி. ஏற்றத்தில் வளையும்போது உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறையும். அந்தச் சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றும். மண் பின்னால் தெறிக்கும். வண்டியோ ஆமை மாதிரி நகரும். வலது சக்கரம் சுத்தம். அடுத்துப் புளியமரத்தடியில் இடதுபக்க வளைவு ஒன்று உண்டு. அங்கே இடது சக்கரம் சுத்தம். ஒரு நாளைக்கு ஆறு நடை, பன்னிரண்டு உதறல். குழியில் வேலை செய்யும் எந்த டிரைவரும் இதைச் செய்யாமல் கேட்டைத் தாண்டியதில்லை.

இது ஏன் நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடவேண்டும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்கிற பல்சக்கரப் பெட்டிதான் பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிபரென்ஷியல். அது ஒரு சோம்பேறி. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதையே சுற்றிவிட்டுச் சும்மா இருக்கும். சேற்றில் ஒரு சக்கரம் மாட்டினால் வண்டி நகராததற்கும் அதுதான் காரணம். எங்கள் உதறல் முழுக்க அந்தச் சோம்பேறித்தனத்தை நம்பி இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி மாதம் புது வண்டி வந்தது. எங்களுக்குத்தான் புதுசு. ஏதோ ஒரு திட்டத்துக்காக வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து, திட்டம் முடிந்து ஏலத்துக்கு வந்த பிக்கப் வண்டி. ஸ்டீயரிங் இடப்பக்கம். பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம். எஞ்சின் சத்தம் கேட்டாலே ரோமம் சிலிர்க்கும். மழையில் லாரி குழிக்குள் மாட்டிக்கொள்கிறது, இது மாட்டாது என்று சொல்லி வாங்கியிருந்தார்கள். ஏன் மாட்டாது என்று ஒருவரும் சொல்லவில்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "அடியில துரு பிடிக்காம தார் அடிச்சிரு" என்றார். நான் ஒரு முழு நாள் கீழே படுத்து, சந்து பொந்து விடாமல் அடித்தேன். அந்தத் தாரை மறந்துவிடாதீர்கள்.

முதல் நடைக்கு தாவூது பாயை ஓட்டச் சொன்னார்கள். மங்கலம்பேட்டைக்காரர். பன்னிரண்டு வருடமாக ஒரு கோழிகூட அவர் சக்கரத்தில் அடிபட்டதில்லை. வாய் மட்டும் நிற்காது. நான் அவருக்கு இரண்டாவது டிரைவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் மண் மேல் குழிவேலை அஞ்சலை கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

"மாப்ள, இந்தப் பக்கம் உக்காந்து ஓட்டுறது எதுத்த வூட்டுல தூங்குற மாதிரி இருக்குதுடா" என்றார் பாய்.

"தூங்கிடாதீங்க பாய்."

குட்டை வளைவு வந்தது. பாய் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். எப்போதும் போல ஒரே மிதி.

முன் சக்கரம் இரண்டும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வண்டி நேராகப் போகிறது! பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் தள்ளுவது போல ஒரு பாய்ச்சல். ரோட்டைக் குறுக்கே தாண்டி, கரையிலிருந்து எழும்பி, குட்டையில் மூக்கைக் குத்தி நின்றது. அஞ்சலை எங்கள் தலைக்கு மேலே பறந்து போய் எதிர்க்கரையோரத் தண்ணீரில் விழுந்தாள். காரை எலும்பு முறிந்தது. தண்ணீர் இடுப்பளவுதான் இருந்ததால் மூவரும் பிழைத்தோம்.

மேலாளர் குட்டைக் கரைக்கு வந்து, வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வேகமா ஓட்டி, கவனமில்லாம குட்டையில விட்டுருக்கான்" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாய்க்கு அன்று மாலையே சஸ்பென்ஷன். பத்தாம் நாள் விசாரணை. குற்றம் என்று எழுதினால் வேலை போகும், லைசென்ஸும் போகும். அவர் வீட்டில் ஆறு பேர், சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர். அந்த மனிதர் செய்தது நான் செய்வதைத்தான். நாங்கள் எல்லாரும் தினமும் பன்னிரண்டு தடவை செய்வதைத்தான்.

விசாரிக்கச் சொன்னது பராமரிப்பு இன்ஜினீயர் அருளப்பன் சாரை. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கார் ஓட்டத் தெரியாது, சைக்கிளில் வருவார். சட்டைப் பொத்தானில் ஒரு நூல் கட்டி அதில் பென்சில் தொங்கும். யார் எது சொன்னாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், பிறகுதான் வாயைத் திறப்பார். நான் அவர் அறைக்குள் போய், "அநியாயம் சார் இது! ஆபீஸ்ல உக்காந்தவங்களுக்கு வளைவுன்னா என்னான்னு தெரியுமா?" என்று கத்தினேன். கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டு, "கோபத்தை நான் எழுதிக்க முடியாது கலியமூர்த்தி. வண்டி என்ன செஞ்சுதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

குட்டையிலிருந்து இழுத்துவந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஸ்டீயரிங் சரியாக இருந்தது. பிரேக் சரியாக இருந்தது. இடப்பக்க ஸ்டீயரிங் பழக்கமில்லாததால் வந்த வினை என்றார்கள் சிலர். பேய்வண்டி என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் அஞ்சலையிடம் சார் கேட்டபோது அவள் சொன்னது ஒன்றுதான் ஒழுங்கான சாட்சி.

"அண்ணன் எப்பயும் போலதான் சார் மிதிச்சாரு. சேறு எப்பயும் ஒரு பக்கந்தான் தெறிக்கும். அன்னிக்கு ரெண்டு பக்கமும் தெறிச்சுது. நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன், எம்மேலதான் அடிச்சுது."

சார் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

மறுநாள் காலை நான் வண்டியின் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கினேன். கியரை நியூட்ரலில் விட்டேன். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வலது சக்கரத்தைக் கையால் தள்ளினேன். லேசில் சுற்றவில்லை. பலம் கொடுத்துத் தள்ளினேன். சுற்றியது. நான் ஓட்டின எந்த லாரியிலும் இப்படித் தள்ளினால் எதிர்ச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். எந்தக் கிளீனரும் முதல் மாதத்திலேயே பார்த்திருப்பான். இங்கே எதிர்ச் சக்கரம் இதே திசையில் சுற்றியது! திரும்பத் தள்ளினேன். திரும்பவும் இரண்டும் ஒரே திசை. ஜோடி மாடு மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது! அஞ்சலை சொன்ன இரண்டு பக்கச் சேறு இதுதான்!

கீழே படுத்து பின் அச்சைப் பார்த்தேன். உருண்டையின் மூடியில் ஒரு போல்ட் தலை மற்றதைவிடத் தடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். தார் உரிந்தது. அடியில் தீப்பெட்டி அகலத்தில் ஒரு சின்னத் தகடு. ஆங்கிலத்தில் இரண்டு வரி. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். லிமிடெட் ஸ்லிப் என்று இருந்தது. கூடவே, இந்த வகை எண்ணெய் மட்டும்தான் ஊற்றவேண்டும் என்று இருந்தது. அந்தத் தகட்டின் மேல் தாரைப் பூசியது நான்.

பூசும்போது அது தெரிந்திருந்தால், வாசித்து ஒரு வார்த்தை சாரிடம் சொல்லியிருந்தால், பாய் அந்த மிதி மிதித்திருக்கமாட்டார். இப்போது சொன்னால் என் வேலை போகும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சுரண்டின தாரை விரலால் திரும்பவும் அதன் மேலேயே தேய்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த விரலைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சாரிடம் ஓடிப்போய்ச் சக்கரம் ஒரே திசையில் சுற்றியதை மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தானே தள்ளிப் பார்த்தார். "லிமிடெட் ஸ்லிப்னு ஒரு வகை உண்டு, புத்தகத்துல படிச்சிருக்கேன். உள்ள வட்டத் தகடுங்க ஒன்னோட ஒன்னு உரசிக்கிட்டு இருக்கும். ஒரு சக்கரம் தனியா ஓடப் பாத்தா அது விடாது, இன்னொன்னையும் சேத்து இழுக்கும். சேத்துல மாட்டாம இருக்கிறது அதனாலதான். ஆனா வளைவுல அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் ஓட்டிக் காட்டணும்" என்றார்.

அவர் கண்டுபிடித்த முறை பீங்கான் ஊரில் மட்டும்தான் ஒரு இன்ஜினீயருக்குத் தோன்றும். வார்த்து, காயவைத்து, இன்னும் சூளையில் வைக்காத பச்சைக் கோப்பைகள் இருபத்து நாலை வண்டிப் பலகையில் வரிசையாக நிறுத்தச் சொன்னார். பச்சைக் கோப்பை உடைந்தால் நட்டமில்லை. தண்ணீரில் ஊறவைத்தால் திரும்பவும் மண். ஒவ்வொரு கோப்பைக்கும் கீழே பென்சிலால் வட்டம் போட்டு எண் எழுதினார். ஒரு தடவை வளைந்து நிறுத்தியதும் ஏறிப் பார்ப்பார். எந்தக் கோப்பை எந்தப் பக்கம் எத்தனை விரல் நகர்ந்தது, எது விழுந்தது, எல்லாம் நோட்டில். குட்டையோரம் மணல் மூட்டை அடுக்கினோம். முடித்ததும் அவர் சொல்வது ஒரே வார்த்தை. "இன்னொரு தடவை."

முதலில் பழைய லாரி. உதறினேன். வலது சக்கரம் சுற்றியது, லாரி மெதுவாக வளைந்தது. கோப்பைகள் லேசாக இடப்பக்கம் நகர்ந்தன. வலப்பக்கம் வளைகிற வண்டியில் சாமான் இடப்பக்கம்தான் போகும். சரி.

அடுத்து பிக்கப். அதே ஒடிப்பு, அதே மிதி. வண்டி மூட்டையில் போய் முட்டி நின்றது. ஏறிப் பார்த்தோம். கோப்பைகள் ஒன்றுகூட இடப்பக்கம் போகவில்லை. இருபத்து நாலும் நேர்கோட்டில் பின்னும் முன்னுமாகச் சரிந்து கிடந்தன, முட்டினதில் பாதி உடைந்து. சார் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "கலியமூர்த்தி, வண்டி வளையவே இல்ல. ரெண்டு சக்கரமும் சேந்து நேராத் தள்ளியிருக்கு. முன் சக்கரம் சேத்துல சும்மா வழுக்கிக்கிட்டே போயிருக்கு."

"அப்ப பாய் மேல தப்பு இல்லதானே சார்?"

"அது இன்னும் நோட்டுல வரல. இன்னொரு தடவை."

அடுத்த ஐந்து நாள் நான் வாழ்க்கையில் மறக்காத நாள்கள். சாரும் கோப்பைகளோடு பின்னால் ஏறிக்கொண்டார். அந்த வண்டியின் குணம் காலுக்கும் முதுகுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. காய்ந்த தரையில் மெதுவாக முறுக்கி வளைத்தால் பின்னால் கறுக் கறுக்கென்று முனகும். லாரி எண்ணெயையே ஊற்றியிருந்தோம். தகட்டைப் படித்த எனக்கு அது தப்பு என்று தெரியும், வாய் திறக்கவில்லை. சேற்றில், வளைவுக்குள் மிதித்தால் நேராக ஓடும். அந்த நேரத்தில் பயந்து ஸ்டீயரிங்கை இன்னும் ஒடித்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. காலை எடுத்தால் உடனே மூக்கு உள்ளே திரும்பும். எடுத்த காலைத் திரும்ப முரட்டுத்தனமாக வைத்தால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகப் பிடிவிட்டு வால் இடப்பக்கம் வீசும். ஒரு தடவை அப்படி வீசி வண்டி வந்த திசையையே பார்த்து நின்றது. இருபத்து நாலு கோப்பையும் தூள். சார் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மண்ணோடு, "இன்னொரு தடவை" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஐந்தாம் நாள் அது பிடிபட்டது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன். கால் லேசாக வைத்தபடி திருப்பினேன். முன் சக்கரம் மண்ணைப் பிடித்தது பிருஷ்டத்தில் தெரிந்தது. ஸ்டீயரிங்கை நேராக்க நேராக்க அதே அளவுக்குக் காலைக் கொடுத்தேன். இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து கடித்து, லாரி முக்கி முக்கி ஏறும் அந்த மேட்டை வண்டி ஒரே மூச்சில் ஏறியது! வழுக்கவில்லை, திமிறவில்லை. நான் கத்திவிட்டேன். பின்னால் சாரும் கத்தினார். இருபத்து நாலு கோப்பையும் அதனதன் வட்டத்தில் நின்றன.

பாய்க்கும் இதைப் பழக்கவேண்டும் என்று நினைத்தேன். சஸ்பென்ஷனில் இருப்பவர் வண்டி ஓட்டக்கூடாதே? சார் உத்தரவை எடுத்துப் படித்தார். "ஓட்டக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. பக்கத்துல உட்காரக்கூடாதுன்னு எழுதல."

பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மிதிக்க ஒன்றுமில்லாத அந்தப் பக்கம் அவரது வலது கால் துடித்தது. நான் வளைவில் காலை எடுக்கும்போதெல்லாம் அவர் கால் தரையில் ஓங்கி மிதித்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"மாப்ள, எனக்கே புரியுது. ஆனா இந்தக் கால் எம்பேச்சைக் கேக்க மாட்டேங்குதே. பொண்டாட்டி மாதிரி இருக்குது."

"வூட்டுல போய் இதைச் சொல்லட்டுமா பாய்?"

"சொல்லிடு. வேலையும் போச்சு, சோறும் போவட்டும். சவூதிக்குப் போயி ஒட்டகம் ஓட்டுறேன். அதுக்கு டிபரென்ஷியல் கிடையாது."

சிரித்தார். ஆனால் முகம் வெளுத்திருந்தது. பிறகு அவரே இறங்கிப் போய் ஒரு பச்சைக் கோப்பையை எடுத்துவந்து, கவிழ்த்து, செருப்பைக் கழற்றி அதன் மேல் வலது காலை வைத்தார். "இனிமே இதுதான் ஆக்சிலேட்டர். ஓட்டு." அன்று ஏழு கோப்பை உடைந்தது. மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் ஒன்று. ஒன்பதாம் நாள் நான் முப்பது தடவை வளைத்தேன். கோப்பை அப்படியே இருந்தது.

பத்தாம் நாள் விசாரணை, குட்டை வளைவிலேயே. மழை. மேலாளர் குடையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் கட்டோடு அஞ்சலை சாட்சியாக வந்திருந்தாள். லாரியை ஓட்டிக் காட்டினேன். பிக்கப்பை மூட்டையில் முட்டிக் காட்டினேன். சார் கோப்பைகளைக் காட்டி, நோட்டைப் பக்கம் பக்கமாக வாசித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மேலாளர் கேட்டுவிட்டு, "வண்டி குணம் வேற, ஒத்துக்குறேன். ஆனா புது வண்டின்னா கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டுத்தானே ஓட்டணும்? எங்கயாவது எழுதியிருந்ததை இந்த ஆளு பாக்காம விட்டிருந்தா அது கவனக்குறைவுதானே?" என்றார்.

"எழுதினது எதுவும் எங்களுக்குக் கிடைக்கல" என்றார் சார்.

"தேடுங்க. கிடைச்சா தாவூது வேலையில இருக்கமாட்டான்."

தேடினால் கிடைக்கும். கிடைத்தால் பாய் தலையில் விழும். "இருக்குது சார்" என்றேன். வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய் தாரைச் சுரண்டினேன். "தகடு இங்க இருக்குது. தார் பூசி மறைச்சது நான். அதுக்கப்புறம் கண்டுபிடிச்சு, திரும்பவும் மறைச்சதும் நான். பாய் படிக்கிறதுக்கு ஒன்னுமே இல்ல. எழுதிக்குங்க."

பாய் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், எழுதினார்.

மேலாளர் விடவில்லை. "சரி, திரும்ப எடுத்தா மட்டும் இவன் குட்டையில விடமாட்டான்னு என்ன நிச்சயம்?"

"இப்பவே ஓட்டட்டும்" என்றார் சார்.

பாய் அதுவரை அந்த வண்டியில் அந்த ஆக்சிலேட்டரை ஒரே ஒரு நடைதான் மிதித்திருக்கிறார். ஏறி உட்கார்ந்தார். கோப்பைகளை வைத்தோம். அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒற்றைக் கையால் பலகையைப் பிடித்து ஏறிவிட்டாள்.

"ஏய், இறங்கும்மா" என்றார் மேலாளர்.

"இருக்கட்டும் சாமி. கோப்பை விழுந்தா உங்களுக்கு மண்ணு. நான் விழுந்தா எழுதிக்க உங்களுக்கு வசதியா இருக்கும்." பிறகு முன்பக்கம் தட்டினாள். "அண்ணே, இந்தவாட்டி பறக்க வுட்டுடாதீங்க. இன்னும் ஒரு கைதான் மிச்சம் இருக்குது."

வண்டி குழிக்குள் இறங்கித் திரும்பி வந்தது. நான் மணல் மூட்டைப் பக்கம் நின்றேன், நேர் எதிரே. கண்ணாடிக்குப் பின்னால் பாயின் முகம் தெரிந்தது. வளைவுக்கு முன் வேகம் குறைந்தது. ஸ்டீயரிங் திரும்பியது. முன் சக்கரம் ஒரு முழம் வழுக்கியது. 'மிதிச்சிராதீங்க பாய், மிதிச்சிராதீங்க' என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. எஞ்சின் சத்தம் ஏறவே இல்லை. ஒரு கணம் எதுவும் நடக்காத மாதிரி இருந்தது. பிறகு மூக்கு திரும்பியது! மெதுவாக, நூல் பிடித்த மாதிரி, எஞ்சின் சத்தம் கூடிக்கொண்டே வர, இரண்டு சக்கரமும் கடித்து வண்டி என்னைத் தாண்டி மேடேறி ரோட்டில் போனது. அஞ்சலை பலகையை விட்டுவிட்டு நல்ல கையைத் தூக்கி ஆட்டினாள். நான் சேற்றில் குதித்தேன். சார் நோட்டைக் கீழே போட்டுவிட்டார்.

எல்லாரும் பின்னாலேயே தொழிற்சாலைக்கு ஓடினோம். கேட்டில் பிக்கப் நின்றுகொண்டிருந்தது. இருபத்து நாலு கோப்பையும் வட்டத்தைவிட்டு நகரவில்லை. வாட்ச்மேன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரம் பூரா செம்மண்ணு. உள்ள விடமாட்டேன்."

பாய் உதறவில்லை அல்லவா. மண் அப்படியே இருந்தது. மேலாளர் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. எனக்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பாய்க்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கு மூன்று மாதம் ஸ்டீயரிங் கிடையாது. வாளியும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்கவேண்டும். குழியிலிருந்து வரும் எல்லா வண்டிக்கும் சக்கரத்தைக் கழுவவேண்டும். உதறுவது அன்றோடு நிறுத்தப்பட்டது. நான் முனகவில்லை.

பாய் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. வண்டியை நிறுத்துவார், நான் கழுவுவேன், போய்விடுவார். பதினைந்தாம் நாளோ என்னவோ, கழுவி முடித்து நான் விலகினேன். வண்டி நகரவில்லை. பாய் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மாப்ள, தகட்டை யாரு தொடைப்பா? உன் மாமனாரா?"

அடியில் ஊர்ந்து போய் தகட்டைத் தேய்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் அதையும் தேய்க்கச் சொன்னார். ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று மாதம் முடிந்து நான் திரும்ப ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபோது அந்தத் தகட்டில் எழுத்தே இல்லை. என் பிரஷ் அதைத் தேய்த்தே அழித்திருந்தது. அதற்குள் அந்த இரண்டு வரியும் எங்கள் இருவர் காலிலும் ஏறிவிட்டிருந்தன.